புகார் வராத குழாய்கள்

குறை சொல்லாதவர்கள் எல்லாரும் நிறைவாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி எனக்குள் வந்த சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் பரபரப்பாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அரசாங்கமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் குடிநீர் விநியோகம் இத்தனை ஆண்டுகளாக எப்படி நடந்திருக்கிறது என்று மதிப்பிடுவது என் பொறுப்பு. ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்பதை எங்கள் அறிக்கையை வைத்துத்தான் பேசப்போகிறார்கள். கசிவு, நீரின் தரம் என்று பல அளவுகோல்கள் உண்டு. வாடிக்கையாளர் புகார் பகுதிதான் எனக்குப் பிடித்தது. வரைபடத்தில் வருடத்துக்கு வருடம் புகார்க் கோடு அழகாகக் கீழே இறங்கியிருந்தது. ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டு, வழக்கம்போலத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

நான் குடியிருக்கும் பண்டமாரானுக்கும் அதே விநியோகம்தான். அந்தச் சனிக்கிழமை காலை, மகளின் பால் புட்டியில் சோப்பு நுரை இருக்கும்போதே சமையலறைக் குழாய் காற்றை விட்டு நின்றது. அது தெருக் குழாயிலிருந்து நேராக வருவது.

“பாத்ரூம்ல டேங்க் தண்ணி வருதுலா, ஏன் பதறுற?” என்றார் கணவர்.

“டேங்க் தண்ணியில பாப்பா புட்டியைக் கழுவலாமா?”

“கழுவிட்டுக் கொதிக்க வை. போன வருஷம் பெரிய டேங்க் எதுக்கு மாத்தினோம்?”

அதற்குள் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப் அலறத் தொடங்கியது. தண்ணி இல்லை, எங்க வீட்லயும் இல்லை என்று வரிசையாகச் செய்திகள். நானும் ஓர் அழுகை முகத்தைப் போட்டேன். கடமை முடிந்த நிம்மதியோடு போனை வைத்தேன். மறு நொடியே திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் யாரிடம் புகார் கொடுத்தேன்?

சாயங்காலம் தண்ணி லோரி வந்தது. உடைந்த குழாயை நிறுவனமே கண்டுபிடித்து லோரியை அனுப்பியதாம். வாளியோடு வரிசையில் நின்றபடி பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, கம்பெனிக்கு நீங்க போன் பண்ணீங்களா?”

“அதான் குரூப்ல போட்டாச்சே!”

“குரூப்ல கம்பெனிக்காரங்க யாரும் இல்லையே.”

முனை வீட்டு அங்கிள் திரும்பினார். “அப்போ இத்தனை வருஷமா நமக்குள்ளயே அழுதுகிட்டு இருந்தோமா? நீ என்னம்மா பண்ணின?”

“நானும் அழுகை முகம்தான் அங்கிள்.”

“படிச்ச பொண்ணு, அழகா அழுதிருக்க!”

வரிசையே சிரித்தது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. புகார்க் கோடு இறங்கிய அதே ஆண்டுகளில்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெரிய டேங்க் ஏறியது, குரூப்பும் வந்தது. தண்ணீர் நிற்பது குறைந்ததா, சொல்வது குறைந்ததா? வாளியை அங்கேயே மறந்துவிட்டு, அறிக்கையைத் திறக்க வீட்டுக்கு ஓடினேன். பிறகு கணவர்தான் போய் எடுத்து வந்தார்.

திங்கட்கிழமை மேலாளரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவருக்கும் உற்சாகம்தான். ஆனாலும் கேட்டார்: “ஒப்பந்தத்தில புகார் எண்ணிக்கையைத்தானே அளவா வச்சிருக்காங்க? அதைக் கம்பெனி சரியாத்தானே செஞ்சிருக்கு? யோசிச்சு நீங்களே எழுதுங்க.”

அதுதான் சிக்கல். கையெழுத்துப் போட்டபோது இல்லாத அளவுகோலால் இன்று மதிப்பெண் குறைப்பது நியாயமா? என் தெரு ஒன்றை வைத்து, இந்த விநியோகம் போகும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் பேசுகிறேனோ? ஆனால் ‘மிக நன்று’ அப்படியே போனால், நீட்டிக்கும் ஒப்பந்தத்திலும் இதே அளவுகோல்தான் தொடரும். தண்ணீர் நின்றபோது யாரிடம் சொன்னார்கள் என்று வீடு வீடாகக் கேட்க அனுமதி வாங்கிவிட்டேன். அந்த மகிழ்ச்சியில் தூக்கமே வரவில்லை, பயத்திலும்தான்.

மதிப்பெண்ணை அப்படியே விட்டு, சந்தேகத்தைத் தனியாக எழுதுவதா? கேட்டு முடிக்கும்வரை மதிப்பெண்ணே போடாமல் நிறுத்துவதா? இப்படிப்பட்ட மதிப்பீடுகளைச் செய்தவர்களும், குழாய் நின்றபோது யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களும் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்.