அட்டையில் இல்லாத அடிக்குறிப்பு

அந்த ஐந்து மாடிக் கடையில் சென்ட் கவுண்டருக்கும் லிஃப்டுக்கும் நடுவே நாலடி தூரம்தான். கூட்டமான நாளில் அவள் இருநூறு மணிக்கட்டுகளிலாவது ஸ்ப்ரே அடிப்பாள். லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அந்த மணிக்கட்டுகளை மாடி மாடியாக ஏற்றி இறக்குவார். இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது கடையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எது தொடக்கம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தொடக்கம் 'முதல் மழை' என்ற ஒரு பச்சைப் பாட்டில்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வேலையில் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் கையில் ஒரு கட்டு அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு அட்டை. அதில் என்னென்ன மணம் வரும் என்று அச்சடித்திருக்கும்.

"இதை மனப்பாடம் பண்ணிக்கோம்மா. கேக்கறவங்களுக்கு இதுல இருக்கறதை மட்டும் சொல்லு. உன் மூக்கை நடுவுல நுழைக்காத" என்றார் அவர். சொன்னது சிலேடை என்று அவருக்கே தெரியவில்லை.

பச்சைப் பாட்டிலின் அட்டையில் தாமரை, புல்வெளி, முதல் தூறல் என்று இருந்தது. அவள் மோந்து பார்த்தாள். ஈரம் ஏறிய சுண்ணாம்புச் சுவர். மறுபடி மோந்தாள். அதே சுவர். தன் மூக்கில்தான் கோளாறு, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரம் தாமரை, தாமரை என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். சொல்லும்போது யார் கண்ணையும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை. முக்காலியில் இருந்தவர் தலையை மட்டும் நீட்டினார்.

"ஏங்க, காலையில இருந்து ஒரு ஈரச் சுவர் மூணாம் மாடிக்கு ஏறி ஏறி இறங்குதே. உங்க கடை சரக்கா?"

அவளுக்கு வந்த சிரிப்பில் பாட்டில் கை நழுவப் பார்த்தது. அந்த அட்டையை அவர் பார்த்ததே இல்லை. சிரிப்பு அடங்கிய பிறகு அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு வாரமாகத் தான் பொய்யா, அட்டை பொய்யா என்று தவித்தவளுக்கு சாட்சி சொல்ல ஒரு மூக்கு கிடைத்துவிட்டது.

பிறகு அந்தத் தொழிலின் சூட்சுமம் அவளுக்குப் பிடிபட்டது. அட்டையில் உள்ள பூக்கள் பலவும் பாட்டிலுக்குள் காலடி வைத்ததே இல்லை. சில பூக்களிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்கவே முடியாது. வேறு எதையெதையோ கலந்து அந்தப் பூவை நினைவூட்டப் பார்ப்பார்கள். அது மூக்குக்கு மூக்கு வேறு எதையாவது நினைவூட்டிவிடும். போதாக்குறைக்குத் தோல், வியர்வை, சட்டைத் துணி எல்லாம் பங்குக்கு வரும். பின்னாளில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அவள் ஒரே வரியில் சொல்லிவிடுவாள். "அட்டைங்கறது வேலைக்கு எழுதின விண்ணப்பம். பாட்டில்ங்கறது வேலைக்கு வந்து நிக்கற ஆளு."

அட்டைகளால் கடைக்கு ஒரு சொல்லும் கிடைத்தது. அடித்ததும் வரும் மணம், சற்றுப் பொறுத்து வருவது, மாலை வரை தங்குவது என்று மூன்று நிலைகளுக்கும் ஆங்கிலத்தில் நோட் என்றுதான் பெயர். தலைமை அலுவலகம் இதைத் தமிழாக்கக் கொடுத்த மனிதர் புத்தகங்களில் ஊறியவர் போலிருக்கிறது. கடைசியாகத் தங்கும் 'பேஸ் நோட்' மணத்தை 'அடிக்குறிப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஐயாயிரம் அட்டைகள் அப்படியே அச்சாகி வந்தன.

லிஃப்ட்காரர் ஒரு அட்டையை வாங்கிப் படித்தார். "அடிக்குறிப்புன்னா பக்கத்துக்குக் கீழ பொடி எழுத்துல வருமே, அதானே? அதை யாருங்க படிக்கிறா?"

"சாயங்காலம் வரைக்கும் கூட இருக்கறவங்க படிப்பாங்க" என்றாள் அவள்.

அவர் லிஃப்டை மூடிக்கொண்டு காரணமே இல்லாமல் ஐந்தாம் மாடி வரை போய் வந்தார்.

அடுத்த அச்சில் தலைமை அலுவலகம் தவறைத் திருத்திக்கொண்டது. கடையில் யாரும் சட்டை செய்யவில்லை. புதிதாக வந்த சூப்பர்வைசர் தேனாகப் பேசினால், "மேல நல்லாத்தான் மணக்குது, அடிக்குறிப்பு எப்படியோ" என்று பெண்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த மோந்து சொல்லும் விளையாட்டு வீட்டுக்கு வந்தது. அவர் காலை ஷிப்ட், நாலு மணிக்கே வீட்டில் இருப்பார். அவள் வர ஏழாகும். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மணிக்கட்டைப் பிடித்து மோந்து பார்ப்பார். அன்று அதிகம் விற்றது எது என்று சொல்ல வேண்டும். பாட்டில் பெயர்களை அவர் சொன்னதே கிடையாது. "இன்னைக்கு பல் டாக்டர் வீடு." "இன்னைக்கு புது ரப்பர் செருப்பு." "சூடா இஸ்திரி போட்ட சட்டை. கொஞ்சம் தீஞ்சிருச்சு." பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதையும் அவள் சரி என்றே ஒத்துக்கொள்வாள்.

பல் டாக்டர் வீடு என்பது அட்டையில் அல்லி என்றிருந்த பாட்டில். இதைக் கேட்டு வளர்ந்த மகள், பள்ளியில் அல்லி மலரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது 'பல் டாக்டர் வீடு போல மணக்கும்' என்று எழுதி வைத்தாள். ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அப்பாவும் அம்மாவும் அவர் எதிரே தலை குனிந்து நின்று, தெருமுனை திரும்பும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள்.

காலம் ஓடியது. பட்டனைத் தட்டினால் தானே போகும் லிஃப்ட் வந்ததும் அவரை கோடவுனுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். கவுண்டர்காரிக்கு 'ஸ்ப்ரே அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சர்வீஸ் முடிய இன்னும் ஒரு வருடம். மாலை ஏழு மணி மணிக்கட்டு மட்டும் மாறவே இல்லை.

ஊரெல்லாம் முகமூடி போட வைத்த அந்தக் காய்ச்சல் அவருக்கும் வந்தது. ஐந்து நாளில் இறங்கியது. ஆறாம் நாள் அவள் வீடு திரும்பியபோது தெருவிலேயே தீய்ந்த வாடை. உள்ளே அடுப்பில் பால் கருகிக் கரியாகியிருந்தது. மூன்றடி தள்ளி உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வாடை வரல உங்களுக்கு?"

"என்ன வாடை?" என்றார்.

டாக்டர் கைவிரித்துவிடவில்லை. தினமும் நாலைந்து வாசனைகளை மோந்து மோந்து பழக்கச் சொன்னார். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அவள் அன்றிலிருந்து கடையில் மோந்து பார்க்கக் கொடுக்கும் காகிதப் பட்டைகளில் நாலு சென்ட் அடித்து, நுனியில் பாட்டில் பெயரைப் பென்சிலால் எழுதி, உறையில் போட்டு எடுத்து வந்தாள். அவர் ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். அவள் அவர் முகத்தையே பார்ப்பாள். "வெறும் காத்துதான்மா." நாலு மாதம் வெறும் காற்று.

அவர் சோற்றில் ருசி இல்லை என்று ஒருநாளும் குறை சொல்லவில்லை. கஷ்டம் அவளுக்குத்தான் அதிகம். முப்பத்து மூன்று வருடமாக இன்னொரு மூக்கு ஆமாம் போட்டுத்தான் அவள் தன் மூக்கை நம்பி வந்தாள். இப்போது புதிதாக ஒரு பாட்டில் வந்தால் அவளுக்கு அது வெறும் திரவம்.

ஐந்தாம் மாதம் ஒரு மாலை, அவர் பட்டையை மூக்கருகே வைத்து, "ரோஜா வருது" என்றார்.

மகளுக்கு உடனே போன் போனது. மறுநாள் சந்தனம் வந்தது. அடுத்த வாரம் எலுமிச்சை, ஏலம். கவுண்டர் பெண்களுக்கெல்லாம் அவள் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் அவர் ஒரு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிலவில் நனைந்த மல்லிகை" என்றார்.

அவள் கை உறையோடு நின்றுவிட்டது. அவர் நனைஞ்ச என்று சொல்பவர். நனைந்த என்று வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. அது மட்டுமில்லை, அந்தப் பாட்டில் புது ரப்பர் செருப்பு. முப்பது வருடமாக இந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

வீட்டில் பழைய அட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய உண்டு. பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுத வைத்திருந்தாள். அவள் டின்னைத் திறந்து பார்த்தாள். பாதி காலி. மீதி அவருடைய பேப்பர் மடிப்புக்குள் அடுக்காக இருந்தது.

"எத்தனை நாளா பரீட்சைக்குப் படிக்கிறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "நீ தினமும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கற. எத்தனை தடவை காத்து காத்துன்னு சொல்றது?"

"அதுக்குன்னு பொய் சொல்வீங்களா?"

"பொய் சொல்றதுக்கு உங்க கம்பெனியே அச்சடிச்சுக் குடுத்திருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னாள். "காத்துன்னா காத்துன்னே சொல்லுங்க. அட்டை படிக்கிறதுக்கு நான் ஒருத்தி கடையில நின்னு தேய்ஞ்சது போதும்."

அதன்பின் பட்டைகளில் அவள் பாட்டில் பெயரை எழுதவில்லை. காற்று தொடர்ந்தது. பிறகு ஸ்டாக் எடுக்கும் வாரம் வந்ததில் பட்டை கொண்டு வருவதே நின்றுபோனது.

அந்த வார வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தூ. என்ன கருமம் இது?"

"எது?"

"எரியற மாதிரி. நம்ம பழைய லிஃப்ட்டு மோட்டார் சூடாச்சுன்னா ஒரு நாத்தம் வருமே. தீபாவளி... இல்ல, தள்ளுபடி சமயத்துல, கூட்டம் நெரியும்போது. அதே நாத்தம்."

அவள் தன் மணிக்கட்டை மோந்து பார்த்தாள். அவளுக்கு வந்தது ஊறப்போட்ட துணி சோப்பு. மோட்டார் எங்கேயும் இல்லை. அன்று மத்தியானம்தான் வந்திறங்கிய பாட்டில் அது. அட்டைகள் இன்னும் அச்சகத்தில் இருந்தன. வீட்டுப் பெயரும் கிடையாது, அட்டைப் பெயரும் கிடையாது. மனப்பாடம் செய்ய உலகத்தில் ஒரு வரிகூட இல்லை.

மணம் திரும்பும்போது முதலில் கோணல்மாணலாகத்தான் வரும், நல்லதெல்லாம் நாறும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"நாறுதா?" என்று கேட்டாள்.

"நாறுதுன்னுதானே சொல்றேன். போய்க் கையைக் கழுவு."

அவள் கையைக் கழுவப் போகவில்லை. ஒரு கால் செருப்போடு நின்றபடியே மணிக்கட்டை மறுபடி அவர் மூக்கருகே நீட்டினாள்.

"இன்னொரு தடவை மோந்து பாருங்க."

"வேணாம்மா, குமட்டுது."

"பரவால்ல. பாருங்க."