ஆளுக்கொரு அட்டை

நாற்காலிகளை ஒவ்வொன்றாக வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறாள் பிரவீனா. காலை ஸ்டாண்டப் கூட்டத்தில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் ஊர்க்கதை வந்துவிடும். “நேத்து என்ன பண்ணுனீங்க, இன்னைக்கு என்ன பண்ணப் போறீங்க, எங்க முட்டிக்கிட்டு நிக்குது? மூணே மூணுதானுங்க. சொல்லிப்போட்டுப் போயிட்டே இருங்க!” ஃபேர்லேண்ட்ஸில் உள்ள அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், குழுவின் வேலை தடையில்லாமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர் அவள். பேரில்தான் மாஸ்டர்; யாரையும் அதட்டும் அதிகாரம் கிடையாது. நச்சரிக்கலாம், அதில் அவள் குறை வைப்பதில்லை.

புதுச்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஸ்பிரிண்ட் என்றால் என்ன என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டாலும் விளக்குவாள். “ரெண்டு வாரத்துல முடியற வேலைய மட்டும் எடுத்துக்கறதுங்க. மிச்சமெல்லாம் பேக்லாக்ல வரிசை கட்டி நிக்கோணும்.” பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். வேலை தடைப்பட்டு நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்பவருக்கு ஒன்று. பெரும்பாலும் அவளேதான் தின்று தீர்க்கிறாள். “முடியாதுங்க” என்ற சொல் நம் ஆட்களுக்கு லேசில் வராது.

அவளை ரொம்பப் படுத்துவது எண் அட்டைகள்தான். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று ஆளுக்கொரு எண்ணைக் காட்ட வேண்டும்; எண்ணைப் பார்த்துத்தான் அதற்கு நாள் ஒதுக்குவார்கள். இங்கேயோ, குழுவில் மூத்தவரான செங்கோட்டையன் எதை எடுக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து எல்லாரும் அதையே எடுப்பார்கள். அவர் மூன்று என்ற பிறகு எட்டு என்றால் மரியாதையாகுமா? போன ஸ்பிரிண்டில் அப்படி மூன்று என்று முடிவான பெரிய வேலையைச் சுமந்தவள் குழுவின் இளையவள் தனப்பிரியா. தன் நிச்சயதார்த்தத்தன்றே மண்டபத்து மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். “இன்னொருக்கா இப்படின்னா வேலைய உட்டுருன்னு ஊட்டுல சொல்லிட்டாங்கக்கா” என்று பிரவீனாவிடம் அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளை போய்விட்டால் பிரவீனாவுக்கு மனசு ஆறாது.

இன்றைக்கு எண் போட வேண்டியது சங்ககிரி லாரி கம்பெனிக்கு பில் போடும் இணையப் பக்கத்துக்கு. செய்யப்போவது தனப்பிரியா.

“அட்டைய மேசைல கவுத்தி வைங்க. நாஞ் சொல்றவரைக்கும் யாரும் திருப்பக் கூடாது. அண்ணா, உங்களுக்குந்தானுங்க!”

திருப்பினார்கள். செங்கோட்டையனுடையது மூன்று. மற்றவர்களும் அவர் மனதை ஊகித்து மூன்றையே வைத்திருந்தார்கள். தனப்பிரியாவுடையது மட்டும் பதிமூன்று.

“ஏஞ்சாமி, அத்தனையா?” என்றார் செங்கோட்டையன். கோபமில்லை, வியப்புதான். ஆனாலும் தனப்பிரியாவின் முகம் சுருங்கிவிட்டது.

“தெரியாம வெச்சுட்டேனுங்கண்ணா” என்று அட்டையை எடுக்கப் போனாள்.

பிரவீனா அதன் ஓரத்தை ஒற்றை விரலால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.