வெறுங்குடப் படத்துக்கு முன்னால்

ஒரே கதையை ஒரே நாளில் பலதரம் சொல்வதுதான் வழிகாட்டியின் தொழில்; ஆசிரியர்களே, பஸ் கொண்டக்டர்களே, என் தொண்டை வலி உங்களுக்குப் புரியும். உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு, புத்தளத்தில் கற்பிட்டி வீதியில் ஒரு சின்னக் காட்சியகம் திறந்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், புத்தளத்து முகாம்களில் இருந்துகொண்டே தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாக்குரிமைக்கும் போராடிய கதை அங்கே இருக்கிறது. அதைச் சொல்கிறவள் நான்.

யார் சமைத்தது?

நடு அறையில் ஒரு பெரிய படம். முகாம் பெண்கள் வெறுங்குடங்களோடு ஓர் அலுவலக வாசலை மறித்துக் குந்தியிருக்கிறார்கள். குழாய் வரும்வரை எழும்புவதில்லை என்று நாட்கணக்காக இருந்தவர்கள். உடப்பு மாதர் சங்கத்தினருக்கு இதை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஓர் அக்கா, அத்தனை நாளும் வீட்டில் யார் சமைத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படத்தின் முன்வரிசையில் இருக்கும் சபியா மாமி இப்போது எங்கள் காட்சியகத்தில்தான் காவலுக்கு இருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டேன். மாமி சிரிக்காமலே சொன்னார்: "ஆம்பிளையள்தான் கஞ்சி காய்ச்சித் தந்தாங்க. அதைக் குடிச்சதுதான், மகள், பெரிய போராட்டம்."

பொல்லோடு நின்றவர்

சிலாபத்திலிருந்து ஒரு சிங்கள ஐயா மனைவியோடு வந்தார். படத்தின் ஓரத்தில் கையில் பொல்லுத் தடியோடு நிற்கும் பொலிஸ்காரரைத் தொட்டுக் காட்டி, அந்த ஆள் தான்தான் என்றார். நான் மாமியைக் கூப்பிட்டேன்.

மாமி வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அன்று பெண்களைக் கலைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஐயா, பொல்லைத் தூக்காமலே பொழுதுபடும்வரை நின்றிருக்கிறார். அதற்காக மேலதிகாரியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். இது அவர் சொல்லித்தான் மாமிக்குத் தெரியும். கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னார், ஏன் கலைக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டார். ஐயா தெரிந்த தமிழில் சொன்னார்: "எங்கட பொலிஸிலயும் அப்ப தண்ணி இல்ல அம்மா. நீங்க வெல்லணும் எண்டு நானும் நினைச்சது."

கதவு

நுரைச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பிள்ளை மாமியிடம், பயமாக இருக்கவில்லையா என்று கேட்டாள். இருந்தது என்றார் மாமி. தனியாக என்றால் ஓடியிருப்பாராம், பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் எழும்பாமல் இருந்தாராம்.

அடுத்த கிழமை அவர்களின் ரீச்சர் தொலைபேசியில் பேசினார். பிள்ளைகளின் கழிப்பறைக்கு நெடுநாளாகக் கதவு இல்லையாம். இடைவேளை முடிந்தும் ஒருத்தியும் வகுப்புக்குப் போகாமல், அதிபரின் அறை வாசலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ரீச்சர் இடைமறித்தார்: "பிள்ளைகளுக்குக் கதவு போட்டாச்சு, மிஸ். இனி ரீச்சர்மாரை எப்பக் கூட்டிவரலாம்?"

கதை சொல்லத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் அதில் நல்ல பகுதிகளையெல்லாம் வந்து பார்க்கிறவர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதை நிர்வாகத்துக்கு நான் இன்னும் தெரிவிக்கவில்லை.