நாயகியைத் தவறான வீட்டுக்கு அனுப்பினேன்

என் முதல் நாவலுக்கு, மிளகாய் இடித்த கட்டாச் சம்பல் மணம்...

கிழக்கிலங்கையின் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலம். விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். பாடக்குறிப்பு எழுத வாங்கிய சி.ஆர். கொப்பியில் நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் ரொட்டி சாப்பிடும்போதே கொப்பி கைமாறும். யார் எதுவரை வாசித்தார்கள் என்று சம்பல் கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எனக்கோ ஒரே பிடிவாதம். ஒரு கொப்பி, ஒரு நாவல். கடைசிப் பக்கத்தில் முற்றும் போட்டு மூடிவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போகும் கதைகள் என்றால் எனக்கு ஆகாது.

அப்படியே முடித்தும்விட்டேன். நாயகிக்குக் கல்யாணம். உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பெட்டியோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுகிறாள்... முற்றும். எழுதும்போது நானே அழுதேன்!

அறையில் மூத்தவர் சாய்ந்தமருது பரீனா ராத்தா. வாசித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் புள்ள, இவ எங்க போறா?"

"மாப்புள்ள ஊட்டுக்கு."

"நம்மட ஊருல எந்தப் பொண்ணு போயிருக்கா? மாப்புள்ளதானே பொண்ணுட ஊட்டுக்கு வாற! அவட வாப்பா அவளுக்கெண்டு கட்டின ஊட்ட என்ன செய்யப் போறாய்?"

அறையே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்திய நாவல்களை வாசித்து வாசித்து, சொந்த ஊர் வழக்கத்தையே மறந்துபோயிருக்கிறேன்.

முற்றும் என்பதை வெட்டினேன். மாப்பிள்ளையை அழைத்து வந்தேன். மனுசன் வந்த பிறகுதான் கூத்து... மாமியின் கறியைக் குறை சொல்லவும் முடியாது, மச்சினிமாரின் பகிடியைத் தாங்கவும் முடியாது. இரண்டாம் கொப்பி, மூன்றாம் கொப்பி என்று போனது. அறைத் தோழிகள் கிணற்றடியில் வாளியோடு நின்றே, "இண்டைக்கு மாப்புள்ள என்ன செஞ்சாரு?" என்று கேட்பார்கள். அந்தச் சந்தோசம் இருக்கிறதே... சொல்லி முடியாது.

இப்போது பதிப்பாளர் ஒருவர் அந்தக் கதையைக் கேட்கிறார். ஒரே நாவலாகச் சுருக்குவதா, மூன்று பாகமாகப் போடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். சுருக்கினால், மாப்பிள்ளை வாசலில் கால் வைத்ததோடு கதை முடிந்துவிடும். ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்தேன். முகநூலில் கேட்டால் எல்லோரும் ஹார்ட் போட்டுவிட்டுப் போகிறார்கள். பரீனா ராத்தா மாதிரிச் சண்டைக்கு வர ஒருவருமில்லை.

இன்று காலை பதிப்பாளருக்கு வொய்ஸ் அனுப்பினேன்.

"மூணு பாகம்தான் சேர். எங்கட ஊருல மாப்புள்ள ஊட்டுக்குள்ள வந்ததுக்குப் பொறகுதான் கதையே தொடங்குற!"