பீலியைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு

தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த வருடம் அது. கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் சரிவு அணைத் தண்ணீரில் போய் முடிந்தது. அங்கே சுற்றுலாப் படகு விட்டால் ஆட்களுக்குப் பிழைப்பு கிடைக்கும் என்று திட்டம் போட்டார்கள். நிலத்துக்கு ஒரு வரைபடம், தண்ணீருக்கு ஒரு வரைபடம் என்று தனித்தனியாக இருந்ததை ஒன்றாக்கும் வேலை கோயம்புத்தூர்க்காரர் கீர்த்திவாசனுக்கு வந்தது.

எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் கூட்டம். கொழுந்து பறிக்கும் தெய்வம்மா, கூட வேலை செய்யும் மருதாயியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருந்தாள். சிறுமியாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. ஆனால் விரித்துக் காட்டிய புதுப் படத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று சிவப்புக் கட்டம் போட்டிருந்த இடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் குடிதண்ணீர் அங்கிருந்துதான்.

எழுந்துவிட்டாள்.

"ஐயா, அங்க பீலி இருக்குங்க."

"அப்படிங்களா! ஏனுங்க, இந்தக் குளுர்ல மயிலெல்லாம் வருதுங்களா?" என்றார் கீர்த்திவாசன். உதவியாளர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு மயிலையே வரைந்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. "ஆமாங்கய்யா, தெனம் ரெண்டு கொடம் மயிலு புடிச்சுத்தான் சோறாக்குறோம்!" என்றாள் மருதாயி.

தெய்வம்மாவுக்கு முகம் சுட்டது. உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் பீலிமேல் கார் நிற்குமே!

"மயிலில்லைங்கய்யா, தண்ணி. வாங்க, காட்டுறேன்."

பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். எல்லாரும் பின்னாலேயே இறங்கினார்கள்.

பாறையிடுக்கில் ஊறிய தண்ணீர் தகரக் குழாய் வழியே கொட்டிக்கொண்டிருந்தது. கீர்த்திவாசன் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், பல் கூசியது.

"இதுதானுங்களா பீலி! எங்கூர்ல பீலின்னா மயில் தோகைங்க."

"எங்களுக்கு இதுதாங்கய்யா. மேல வண்டி நின்னா, எண்ணெய் இதுலதான் எறங்கும்."

அவர் பழைய படங்கள் இரண்டையும் பாறைமேல் விரித்தார். எதிலும் பீலி இல்லை. "நெலத்துக்காரங்க இது தண்ணிக் கணக்குன்னு விட்டுட்டாங்க. தண்ணிக்காரங்க நெலத்துக் கணக்குன்னு விட்டுட்டாங்க," என்று வாய்விட்டுச் சிரித்தார். அங்கேயே புதுப் படத்தில் சிவப்புக் கட்டத்தை அழித்து, பீலியையும் மேலே உள்ள சரிவையும் சேர்த்து வளைத்துப் பச்சைக் கோடு போட்டார். வண்டிகள் ஃபேக்டரி மைதானத்தில் நிற்கட்டும் என்று முடிவாயிற்று.

மருதாயி குலவையிட்டாள். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"இன்னும் ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா?" என்றார் கீர்த்திவாசன், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"படகு கழுவுற தண்ணிய எங்க விடுவீங்க?" என்றாள் தெய்வம்மா.