சிவப்புக் கண்ணாடியும் பால்மரம் சீவிய கையும்

பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடி. கண்ணாடி வெட்டப் பழகும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாளை பக்கத்து ஊரான செங்கில் மகளின் புதுமனை புகுவிழா. என் கையால் செய்த கண்ணாடிச் செம்பருத்தியோடு வருகிறேன் என்று கிளம்புமுன் கெடாவிலிருந்தே போனில் பீற்றிக்கொண்டாயிற்று. இங்கே ஆளுக்கு ஒரே சிவப்புத் துண்டுதான்.

கண்ணாடிமேல் கட்டரை ஒருமுறை இழுக்கிறேன். கோடு மெலிசாகத் தெரிகிறது. அதன்மேலேயே மறுபடி இழுத்து ஒடிக்கிறேன். கண்ணாடி கோணலாக உடைகிறது.

“ஒரு தடவைதான் இழுக்கணும்னு சொன்னேன்லா, அங்கிள்!” என்கிறார் டீச்சர்.

“முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுன கை, டீச்சர். வெட்டுன கோட்டுலயே திரும்ப வெட்டித்தான் பழக்கம். பால் வரும்னு பாத்துச்சு.”

“இங்க ரத்தந்தான் வரும். மிச்சத்துல மொட்டு வேணா செய்யலாம்.”

மொட்டே செய்கிறேன். மகள் கேட்டால், காலையில் பூக்கும் என்று சொல்லிவிடலாம்.