ஒரு முனையில் மட்டும் பசை

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் அமுக்கு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர்தான். தீக்குச்சியில் பாதி நீளம்கூட இல்லாத ஓர் உலோகப் படிகத்தைக் கையால் திருகும் அழுத்தியில் வைத்து, இப்படி ஒருமுறை, திருப்பிப்போட்டு அப்படி ஒருமுறை என்று அமுக்கிக்கொண்டே இருப்பது அவர் வேலை. நிக்கல், மாங்கனீசு, காலியம் மூன்றும் கலந்த படிகம் அது. நன்றாகப் பழக்கிவிட்டால், காந்தத்துக்கு நடுவே வைத்ததும் கண்ணெதிரே நீளும். காந்தத்தை நிறுத்தினாலும் நீண்டபடியே நிற்கும். அமுக்கினால்தான் பழைய உருவத்துக்குத் திரும்பும். பழக்காததோ முரண்டு பிடிக்கும், லேசில் மசியாது.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை ஃபிரிட்ஜின் உறுமல்தான். வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் இந்தப் படிகத்தைப் பற்றியே அளப்பார். அவள் "சரிப்பா, சரிப்பா" என்பாள். அப்படிப்பட்டவள் போன வாரம், "ஒரு வேலையா அங்க வரேன்ப்பா. அந்த அதிசயத்தக் காட்டுங்க, பாப்போம்" என்றாள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார்.

மகள் முன்னால் படிகம் நழுவித் தொலைத்தால் மானம் போய்விடுமே என்று, அவள் வருவதாகச் சொன்ன நாள் காலை இரண்டு முனையிலும் பசை வைத்து இறுக ஒட்டினார். ஒரு முனையைச் சும்மா விடணும், இல்லாவிட்டால் நீள இடமிருக்காது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் காது புளிக்கச் சொன்னவர் அவரேதான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மதியம் போன் வந்தது. "அப்பா, மீட்டிங் இழுத்துடுச்சு. இப்படியே ரயில் ஏறிடறேன். அடுத்த தடவை கண்டிப்பா பாக்கலாம்."

"பரவால்லம்மா. வேலைதான் முக்கியம்."

சொல்லிவிட்டாரே தவிர, தயார் செய்து வைத்ததை யாருக்காவது காட்டியாக வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லை. தனக்குத்தானே காட்டிக்கொள்ளலாம் என்று காந்தத்தின் சுவிட்சைப் போட்டார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். வாரக்கணக்கில் உலையில் வளர்த்த படிகம் நீள இடமில்லாமல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

வந்து பார்த்த அதிகாரி கத்தினார். "என்னங்க இது? யார் சுவிட்ச் போட்டது?"

"நான்தான் சார். பொண்ணுக்குக் காட்டினேன்."

"வந்துட்டாங்களா?"

"வந்துட்டு இப்பதான் சார் போனா."

அதிகாரியின் கோபம் பாதியாக இறங்கியது. "சரி, விடுங்க. வேற வளர்த்துக்கலாம். என்ன சொன்னாங்க பொண்ணு?"

"இவ்வளவு கஷ்டமான வேலையாப்பா இதுன்னு கேட்டா சார்."

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை.